கிடா வாங்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

மாத்தூர், கொசப்பூர், வடபெரும்பாக்கம் பக்கம் ஒன்றிரண்டு கிரவுண்டு காலி மனை கையில் இருக்கிறவர்கள் வருஷத்துக்கு நாலைந்து பேராவது என் கொட்டிலுக்கு வந்து நிற்கிறார்கள். எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான். "அண்ணே, எந்த ஜாதி ஆடு வாங்கினா லாபம்?" நான் பதிலுக்குக் கேட்பதும் ஒன்றுதான். "நோட்டு வாங்கிட்டியா?" கேலி செய்கிறேன் என்று நினைத்துப் பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மீதிப் பேருக்காக இதை எழுதுகிறேன்.

சிரிக்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒன்பது பெட்டை, ஒரு கிடா. அதில் கறுப்பி என்றொரு பெட்டை முதல் ஈத்திலேயே, அதாவது முதல் பிரசவத்திலேயே, பளபளவென்று ஒரு கிடாக்குட்டி போட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அதை விற்க மனசு வரவில்லை, பொலிக்கு (இனவிருத்திக்கு) வைத்துக்கொண்டேன். அப்பன் கிடாவை விற்றாயிற்று. மகன் கிடா அக்கா தங்கைகளோடு சேர்ந்தது, கறுப்பியோடும் சேர்ந்தது. நான் கவனிக்கவே இல்லை. மூன்றாம் வருஷம் பிறந்த பதினான்கு குட்டிகளில் ஐந்து, பதினைந்து நாள் தாண்டவில்லை. ஒன்றுக்குக் கீழ்த்தாடை உள்வாங்கி, காம்பைப் பிடிக்கவே முடியவில்லை. தீவனத்தை மாற்றினேன், தாது உப்பை மாற்றினேன், கொட்டிலின் வாசல் திசையைக்கூட மாற்றினேன். கடைசியில் வந்து பார்த்த கால்நடை மருத்துவர் குட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதுக்கு அப்பா யாரு?" எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று சாயங்காலம் மூலக்கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

நோட்டில் என்ன எழுதுவது

பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ஒரு குட்டிக்கு ஒரு வரி. குட்டியின் எண், பிறந்த தேதி, அம்மா எண், அப்பா எண், ஆணா பெண்ணா, ஒற்றையா இரட்டையா, தாய்க்கு எத்தனையாவது ஈத்து, பிறந்த எடை, 90-ஆம் நாள் எடை, கடைசியாக "போன இடம்". விற்றதா, செத்ததா, செத்தால் எதனால் என்று அந்தக் கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டும். செத்த குட்டியை எழுத யாருக்கும் கை வராது. ஆனால் அந்த வரிகளில்தான் அதிகம் கற்றுக்கொள்வீர்கள்.

எண் போடக் காதுவில்லை நல்லது. அது கிடைக்கும்வரை நான் செய்தது, காசிமேட்டில் கிடைக்கும் பழைய நைலான் கயிற்றைக் கழுத்துக்குக் கட்டியது. அப்பா எந்த வீட்டுக் கிடாவோ அந்த வீட்டுக்கு ஒரு நிறம்: பச்சைக் கயிறு மணலி வீடு, நீலக் கயிறு சோழவரம் வீடு (நாலு வீடு சேர்ந்து கிடா மாற்றிக்கொள்கிறோம், அதைப் பின்னால் சொல்கிறேன்). கயிற்றைப் பார்த்தாலே வம்சம் தெரியும். குட்டி வளர வளரக் கயிற்றைத் தளர்த்த மட்டும் மறக்காதீர்கள்.

அப்பா யார் என்று எழுத வேண்டுமானால் அப்பா யார் என்று தெரிய வேண்டும். வடசென்னையில் அதுதான் பெரிய பாடு. ஆடு தெருவில் மேயும், சுவரொட்டி தின்னும், எந்தச் சந்திலிருந்தோ ஒரு கிடா வந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். 21 நாளுக்கு ஒருமுறை பெட்டை பருவத்துக்கு வரும். ஓயாமல் கத்தும், வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும், தீனி குறையும். ஒன்று ஒன்றரை நாள்தான் அந்தக் கூத்து. அந்த நாளில் வெளியே விடாமல் உள்ளே கட்டுங்கள். கத்த ஆரம்பித்து அரை நாள் கழித்து, நீங்கள் தேர்ந்தெடுத்த கிடாவிடம் விடுங்கள், தேதியை எழுதுங்கள். அங்கிருந்து சுமார் 150 நாள் எண்ணினால் குட்டி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிடாக்குட்டி மூன்று நான்கு மாதத்திலேயே வேலை காட்டிவிடும். பால்குடி மறக்காத பையன் என்று தாயோடும் அக்காவோடும் விட்டு வைக்காதீர்கள். அதற்குள் பிரித்துவிடுங்கள், அல்லது மருந்தகத்தில் விதை அடித்துவிடுங்கள்.

எந்த ஆடு

இப்போது "எந்த ஜாதி" என்ற கேள்விக்கு வருகிறேன். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 99 லட்சம் வெள்ளாடுகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இனப்பெயர் கிடையாது, வெறும் நாட்டு ஆடுதான். பெயர் பெற்றவற்றில் நம் மாநிலத்தின் பெயர் சொல்பவை மூன்று. விருதுநகர், கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துக் கன்னி ஆடு: கறுப்பு உடம்பில் முகத்திலும் காலிலும் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி, செந்நிறக் கோடு இருந்தால் செங்கன்னி. தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்துக் கொடி ஆடு: நெடுநெடுவென்று வளர்ந்திருக்கும், வெள்ளையில் கறுப்பு தெளித்தால் கரும்போரை, சிவப்புத் தெளித்தால் செம்போரை. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சேலம் கறுப்பு. இவற்றோடு கேரளத்துத் தலைச்சேரி ஆடு. அது இங்கே வந்து ரொம்ப நாளாகிவிட்டது, பலர் நம்மூர் ஆடு என்றே நினைக்கிறார்கள்.

கவனித்தீர்களா, இதில் ஒன்றுகூடத் திருவள்ளூர் மாவட்டத்து ஆடு இல்லை. நம் பக்கத்துக்கென்று பெயர் பெற்றது சென்னைச் சிவப்பு, அது செம்மறி. ஆகவே நீங்கள் எந்த வெள்ளாட்டு இனத்தைக் கொண்டுவந்தாலும் அது வெளியூர் ஆடுதான். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் கண்ணைப் பறித்த கொடி ஆடு அங்கே கரிசல் காட்டின் வறட்சிக்கும் கருவேலங்காய்க்கும் பழகிய உடம்பு. ஐப்பசி கார்த்திகையில் மணலிப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது அதே உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்ளும். சந்தையில் பார்த்த எடை அந்த ஊருடைய எடை.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு என் யோசனை இது. பெட்டைகளை அக்கம்பக்கத்திலேயே வாங்குங்கள். செங்குன்றம், சோழவரம், மீஞ்சூர் பக்கம் நாலைந்து மழைக்காலம் பார்த்து நிற்கிற நாட்டுப் பெட்டைகள், இரண்டு ஈத்தாவது ஈன்றவை. முன்பல் பார்த்து வயசு சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் ஜோடி பெரிய பல் முளைத்தால் வயசு ஒன்றுக்கு மேல், நான்கு பல் என்றால் இரண்டை ஒட்டி, எட்டுப் பல்லும் சேர்ந்துவிட்டால் மூன்று தாண்டியது என்று வையுங்கள். இனம் வேண்டுமானால் கிடா வழியாகக் கொண்டுவாருங்கள், அதுவும் ஒரே இனமாக. ஒரு வருஷம் தலைச்சேரி, மறு வருஷம் ஜமுனாபாரி, அதற்கடுத்து போயர் என்று மாற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் தலைமுறைக் கலப்புக் குட்டி ஜோராக இருக்கும், பொய் இல்லை. தூரத்து இரத்தம் சேரும்போது வருகிற வீரியம் அது. அந்தக் கலப்புக் கிடாவையே பொலிக்கு வைத்தால் அடுத்த தலைமுறை ஒன்று அப்படி, ஒன்று இப்படி என்று சிதறும். பத்து வருஷத்தில் கையில் எந்த இனமும் மிஞ்சாது.

தராசு

கண் பொய் சொல்லும். கொக்கி மாட்டிய டிஜிட்டல் தொங்குதராசும் ஒரு பழைய அரிசிக் கோணியும் போதும். கோணியில் நான்கு கால் வெளியே வர ஓட்டை போட்டுக் குட்டியை உள்ளே விட்டுத் தொங்கவிட்டால் அரை நிமிஷம் உதைக்கும், அப்புறம் அடங்கும். அடங்கின நொடியில் எண்ணைப் படியுங்கள். பெரிய ஆட்டுக்கு டேப் வைத்துக் கணக்குப் போடலாம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 24, நீளம் 22 என்றால் 19 கிலோ சொச்சம். உத்தேசக் கணக்குதான். ஆனால் எல்லா ஆட்டுக்கும் அதே உத்தேசம் என்பதால் ஒப்பிட உதவும்.

எல்லாக் குட்டியையும் சரியாக 90-ஆம் நாளே தூக்க முடியாது. வேலைக்குப் போகிறவர் ஞாயிற்றுக்கிழமைதான் தூக்குவார். அதற்கு ஒரு சின்னக் கணக்கு. இன்றைய எடையிலிருந்து பிறந்த எடையைக் கழித்து, வயசு நாட்களால் வகுத்து, 90-ஆல் பெருக்கி, பிறந்த எடையைத் திரும்பக் கூட்டுங்கள். ஒரு குட்டி 104-ஆம் நாளில் 11.4 கிலோ, பிறந்தபோது 2. கணக்குப் போட்டால் 90-ஆம் நாளுக்கு 10.1. இன்னொன்று 81-ஆம் நாளில் 9.8, பிறந்தபோது 1.9. அதற்கு 10.7 வருகிறது. தராசில் குறைவாகக் காட்டியதுதான் உண்மையில் நல்ல வளர்த்தி. கண்ணால் தேர்ந்தெடுத்திருந்தால் தப்பானதை வைத்திருப்பீர்கள்.

ஒப்பிடும்போதும் நியாயம் வேண்டும். ஒற்றைக் குட்டியை ஒற்றையோடும், இரட்டையை இரட்டையோடும், கிடாவைக் கிடாவோடும், ஆடியில் பிறந்ததை ஆடியில் பிறந்ததோடும் பாருங்கள். தலையீத்துக் குட்டி எப்போதும் கொஞ்சம் இளைத்துத்தான் இருக்கும், அது தாயின் வயசு. ஒரே பால்மடியை இரண்டு வாய் பங்கு போட்டதால் இளைத்த குட்டியைப் பார்த்து "இதுக்கு வம்சம் சரியில்லை" என்று சொன்னால் அது வம்சத்தின் தப்பா?

எந்தத் தாய் நல்ல தாய்

என் நோட்டிலிருந்து இரண்டு பெட்டைகளைக் காட்டுகிறேன். செவலை எப்போதும் ஒரே குட்டி போடும். குட்டி கொழுகொழுவென்று 90 நாளில் 12 கிலோ நிற்கும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் குட்டியைத்தான் கேட்பார்கள். மயிலை இரட்டை போடும். ஒன்று எட்டரை, ஒன்று எட்டு. பார்வைக்குச் சாதாரணம். ஆனால் செவலை அடுத்த ஈத்துக்குப் பதினோரு மாசம் எடுத்துக்கொள்ளும், மயிலை எட்டு மாசத்தில் திரும்ப ஈனும். இரண்டு வருஷக் கணக்கைக் கூட்டினேன். செவலை இரண்டு ஈத்து, 24 கிலோ. மயிலை மூன்று ஈத்து, 49 கிலோவுக்கு மேல். ஒரே கொட்டில், ஒரே அகத்திக் கட்டு, ஒரே சவுண்டல் தழை. வித்தியாசம் இரண்டு மடங்கு.

ஆகவே தாயை எடைபோட வேண்டிய அளவு இது: ஒரு வருஷத்தில் பால்குடி மறக்கவைத்த குட்டிகளின் மொத்தக் கிலோ. இரட்டை போடுவது, பால் கொடுப்பது, குட்டியைச் சாகவிடாமல் காப்பது, சீக்கிரம் மறுபடி சினையாவது எல்லாம் இந்த ஒரு எண்ணுக்குள் வந்துவிடும்.

கூடவே ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எல்லாக் குணமும் ஒரே மாதிரி வம்சத்தில் இறங்குவதில்லை. உடல் எடை ஓரளவு இறங்கும். ஆட்டுக்கு ஆடு தெரிகிற எடை வித்தியாசத்தில் 100-க்கு 30 பங்கு மாதிரி மரபில் வருகிறது, மீதி தீவனமும் கவனிப்பும். இரட்டை போடுவதோ 100-க்கு 10 பங்கை ஒட்டித்தான். ஒரே ஒரு தடவை இரட்டை போட்டதற்காக ஒரு பெட்டையின் மகனைத் தலையில் தூக்கி வைக்காதீர்கள். மூன்று ஈத்து பாருங்கள். மூன்றில் மூன்றும் இரட்டை என்றால் அப்போது பேசலாம்.

கிடா

பெட்டை வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ குட்டிக்குத் தாய். கிடா இருபது பெட்டையோடு சேர்ந்தால் வருஷத்துக்கு முப்பது குட்டிக்கு அப்பன். மந்தையின் பாதி இரத்தம் ஒற்றை ஆளுடையது. அதனால்தான் கிடாவில் செலவழிக்கிற யோசனைக்கு இவ்வளவு பலன்.

கணக்காகவே பார்க்கலாம். ஒரே வயசுக் கிடாக்களின் சராசரி எடை 20 கிலோ, நீங்கள் பொலிக்கு வைத்தது 24. கூடுதல் நாலு கிலோ. அதில் 30 பங்கு மரபு என்றால் 1.2 கிலோ. கிடா தருவது குட்டியின் பாதியைத்தான், ஆகவே ஒரு குட்டிக்குச் சராசரியாக 600 கிராம் கூடும். இவ்வளவுதானா என்று உதடு பிதுக்காதீர்கள். முப்பது குட்டிக்கு 18 கிலோ, தீவனம் ஒரு பிடி கூட்டாமல். அந்த 600 கிராமில் பாதி பேத்தி வரைக்கும் இறங்கும். அடுத்த கிடாவும் அப்படியே தேர்ந்தெடுத்தால் அதன் மேல் இன்னொரு அடுக்கு ஏறும்.

ஆனால் நம்மூரில் நடப்பது தலைகீழ். ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள், அம்மனுக்குக் கிடா வேண்டும். பக்ரீத்துக்கு ஒரு மாசம் முன்னாலேயே ராயபுரம், புளியந்தோப்பு, வியாசர்பாடிக்காரர்கள் தேடி வருவார்கள். மற்ற நாட்களில் ஆட்டுத்தொட்டிக்கு (இறைச்சிக்கூடத்துக்கு) போகிற வியாபாரி. மூன்று பேரும் கை வைப்பது எந்தக் குட்டியின் மேல்? இருப்பதிலேயே பெரிதாக, சீக்கிரமாக வளர்ந்ததன் மேல். அதை விற்றுவிட்டு, யாரும் கேட்காத நோஞ்சான் கொட்டிலில் மிஞ்சும். மிஞ்சினதுதான் அடுத்த வருஷம் பொலிகிடா. வருஷா வருஷம் நல்ல இரத்தத்தைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு மட்டத்தை வீட்டில் வைத்துக்கொள்கிறோம். மந்தை சுருங்குகிறதென்றால் சாபமும் இல்லை, திருஷ்டியும் இல்லை, இந்த ஏற்பாடுதான்.

இதற்கு மருந்து ஒன்றுதான். 90-ஆம் நாள் எடை எடுத்த அன்றே பொலிக்கு வைக்கப் போகிற குட்டிக்குச் சிவப்புக் கயிறு கட்டிவிடுங்கள். சிவப்புக் கயிறு விற்பனைக்கு இல்லை. விலை எவ்வளவு சொன்னாலும் இல்லை. பக்ரீத் நேரத்தில் இதைச் சொல்ல வயிறு எரியும், எனக்கும் எரிந்திருக்கிறது.

வெளியிலிருந்து கிடா வாங்குகிறவர்களுக்கு, சோழவரத்தில் ஆடு வளர்க்கும் ஒரு ஆயாவிடம் நான் கேட்டுக்கொண்டதைச் சொல்கிறேன். ஒரு கிடாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வாலைத் தூக்கினாள், விதைப்பையைக் கையில் ஏந்தி இரண்டும் ஒரே அளவா என்று அழுத்திப் பார்த்தாள். வாயைத் திறந்து கீழ்ப்பல் மேல் ஈறோடு சரியாக உட்காருகிறதா என்று விரலால் தடவினாள். நாலு அடி நடக்கவிட்டுக் குளம்பைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "கெடா நல்லாத்தான் கீதுபா. இதுங்கம்மாவப் பாத்தியா?" பார்க்கவில்லை என்றேன். "அப்ப பாதி கெடாவத்தான் வாங்கினு வந்துக்கீற."

தாயைப் பாருங்கள். மடி இரண்டு காம்போடு சீராக இருக்கிறதா, எத்தனை ஈத்து, எத்தனை இரட்டை, எத்தனை குட்டி தங்கியது. சந்தையில் தாய் நிற்காது. அதனால்தான் பொலிகிடாவைச் சந்தையில் வாங்கக் கூடாது, வளர்த்தவர் வீட்டில் வாங்க வேண்டும். ஒரு விதை மட்டும் இறங்கிய கிடா, தாடை ஏறுமாறாக இருக்கும் கிடா எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அவை வம்சத்தில் இறங்கக்கூடிய குறைகள்.

கொம்பில்லாத மோழை ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை. குத்தாது, கொட்டிலில் சாதுவாக இருக்கும் என்று சிலர் மோழையாகவே தேடுகிறார்கள். ஒரு மோழை இருந்தால் பரவாயில்லை. மோழைக் கிடாவை மோழைப் பெட்டையோடு சேர்க்காதீர்கள். கொம்பை மறைக்கிற அந்த மரபு மாற்றத்தோடு இன்னொரு கோளாறும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அது அப்பா, அம்மா இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு பெட்டைக்குட்டிக்கு வந்து சேர்ந்தால், அது பெட்டையும் இல்லாமல் கிடாவும் இல்லாமல், சினையே பிடிக்காத ஆடாக வளரும். ஐரோப்பியப் பால் ஆடுகளில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஜோடியில் ஒன்றுக்காவது கொம்பு இருக்கட்டும்.

முறை பார்ப்பது

நாம் பங்காளி வீட்டில் பெண் எடுப்பதில்லை. மாமன் மகள், அத்தை மகள் என்றால் முறை. ஆட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அத்தை மகனானாலும் பெரியப்பா மகனானாலும் பொதுவான இரத்தம் ஒரே அளவுதான். உறவுக்குள் சேர்ந்து பிறக்கும் குட்டிக்கு, ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்து ஒன்றுபோலவே ஆகிவிடும் வாய்ப்பை இப்படிச் சொல்வார்கள்: அப்பன் மகள், தாய் மகன், கூடப்பிறந்தவர்கள் என்றால் 25 சதவீதம். ஒரே அப்பன், வேறு தாய் என்றால் 12.5. பெரியப்பா, அத்தை பிள்ளைகள் என்றால் 6.25.

ஒவ்வொரு ஆட்டிலும் மறைந்து கிடக்கும் சில கெட்ட மரபணுக்கள் உண்டு. நல்ல பிரதி ஒன்று துணைக்கு இருக்கும்வரை அவை வெளியே தெரியாது. இரண்டு பிரதியும் ஒன்றாகிவிட்டால் வெளியே வரும். முதலில் அடிபடுவது எடை இல்லை. சினை பிடிப்பது, குட்டி பிழைப்பது, நோய் தாங்குவது. அதனால்தான் எனக்கு மூன்றாம் வருஷம் வரை தெரியவில்லை. கறுப்பியின் மகன் பார்க்க ராஜா மாதிரி இருந்தான்.

ஒரு கிடா, இருபது பெட்டை என்று தனியாக மந்தையை மூடி வைத்தால், தலைமுறைக்கு 13 சதவீதம் மாதிரி இந்த நெருக்கம் ஏறும். நாலு வீடு சேர்ந்து நாலு கிடா, எண்பது பெட்டை என்று வைத்தால் 3 சதவீதம் சொச்சமாக இறங்கிவிடும். உலக உணவு வேளாண் அமைப்பு தலைமுறைக்கு ஒரு சதவீதத்தைத் தாண்டவேண்டாம் என்கிறது. அதற்குப் பதினான்கு கிடாவும் நூற்று முப்பது பெட்டையும் வேண்டும். நம்மில் யாரிடமும் அவ்வளவு இல்லை. ஆனால் நாலு வீடு யாருக்கும் கிடைக்கும்.

நாங்கள் செய்வது இது. மாத்தூர், மணலி, மீஞ்சூர், சோழவரம் என்று நாலு வீடு. ஒவ்வொரு வீடும் தன் மந்தையில் தராசு சொன்ன நல்ல கிடாக்குட்டியை வளர்க்கும், ஆனால் தான் வைத்துக்கொள்ளாது. மாத்தூர்க் கிடா மீஞ்சூருக்கு, மீஞ்சூர்க் கிடா மணலிக்கு, மணலிக் கிடா சோழவரத்துக்கு, சோழவரத்துக் கிடா மாத்தூருக்கு. எப்போதும் ஒரே திசையில் சுற்றும், திரும்பாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றம், ஏனென்றால் அதற்குள் அதன் மகள்கள் பருவத்துக்கு வந்துவிடுவார்கள். ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வட்டத்துக்கு வெளியே இருந்து ஒரு கிடா வாங்கிச் சேர்க்கிறோம், அதே சாயலில், தாய் பார்த்து. நாலு பேருக்குள் பணக் கணக்கு வைத்தால் சண்டை வரும். கிடாவுக்குக் கிடா என்று வைத்தோம், இதுவரை வரவில்லை. அடுத்தவன் வீட்டுக்குப் போகிற கிடாதானே என்று ஒருவர் மட்டமானதைத் தள்ளிவிடப் பார்த்தார். நோட்டைக் கொண்டுவா என்றோம், அடுத்த தடவை திருந்திவிட்டார்.

புதிதாக வரும் கிடா எந்த வீட்டிலிருந்து வந்தாலும் 21 நாள் தனியாக நிற்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டது தெரிந்த பிறகுதான் மந்தையில் விட வேண்டும். நல்ல மரபு கொண்டுவருகிறேன் என்று நோயைக் கொண்டுவந்து முழு மந்தையையும் இழந்தவர்கள் உண்டு.

மழைக்காலத் தேர்வு

ஐப்பசிக்குப் பிறகு நம் பக்கத்தில் ஆட்டைக் கொல்வது பெரும்பாலும் வயிற்றுப் புழு. இரத்தம் குடிக்கும் புழு, ஈரப் புல்லில் ஏறி வரும். கீழ் இமையைப் பிதுக்கிப் பாருங்கள். செக்கச்செவேல் என்றிருந்தால் நல்லது, வெளிறி வெள்ளையாக இருந்தால் இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. எல்லா ஆட்டுக்கும் மாசாமாசம் மருந்து ஊற்றுகிற பழக்கம் இருந்தால் விடுங்கள். மருந்துக்கு அசையாத புழுதான் மிஞ்சும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இமை பார்த்து, வெளிறினதுக்கு மட்டும் ஊற்றி, எதற்கு ஊற்றினோம் என்று நோட்டில் எழுதுங்கள்.

இரண்டு மழைக்காலம் முடிந்து புரட்டினால் ஒரு விஷயம் தெரியும். அதே நாலைந்து ஆடுதான் திரும்பத் திரும்ப வெளிறியிருக்கும். மந்தையில் உள்ள புழுவில் பெரும்பங்கைச் சுமப்பது சில ஆடுகள்தான், முட்டை போட்டுத் தரையைக் கெடுப்பதும் அவைதான். மருந்தே வாங்காமல் சிவந்த இமையோடு நின்ற பெட்டை எதுவோ அதன் பிள்ளைகளை வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தாங்கும் சக்தியும் வம்சத்தில் இறங்குவதுதான். எடைக்காகவே தேர்வு செய்துகொண்டு இதை மறந்தால், கோடையில் கொழுத்து மழையில் சாகிற ஆடு கிடைக்கும். கொசஸ்தலை ஆற்றங்கரையில் ஆடு வளர்ப்பவனுக்கு இமையின் நிறமும் உற்பத்திக் குணம்தான்.

கழிப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு ஈத்து தொடர்ந்து குட்டி தங்காத பெட்டை, மடி கெட்டது, மழைக்கு மழை வெளிறுவது, ஒரு வருஷம் சினையே பிடிக்காதது போகலாம். செவலையை விற்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. கொட்டிலில் முதலில் வந்து கையை நக்குவது அதுதான்.

சந்தேகம் வந்தால் மாதவரம் பால்பண்ணையில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமே இருக்கிறது. வண்டலூருக்கு அப்பால் காட்டுப்பாக்கத்தில் அவர்களுடைய ஆராய்ச்சி நிலையம், வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி. ஆடு வளர்ப்புப் பயிற்சி எப்போது என்று கேட்டுக்கொண்டு போங்கள், நோட்டையும் கூட எடுத்துப் போங்கள். வெறுங்கையோடு போய் "குட்டி செத்துப்போகுது" என்று சொல்வதற்கும், நாலு பக்கத்தைத் திறந்து காட்டுவதற்கும் கிடைக்கிற பதில் வேறு.

போன மாதம் எங்கள் மாத்தூர்க் கிடா குட்டியானை வண்டியில் ஏறி மீஞ்சூருக்குப் போனது. நோட்டில் அதன் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மடித்து டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன்: தாய் மயிலையின் மகள், இரட்டையில் ஒன்று, 90 நாளில் 10.4, இரண்டு மழையிலும் மருந்து இல்லை. சோழவரத்துக் கிடா இங்கே வந்து பதிமூன்று நாள் ஆகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் தனிக் கொட்டிலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் இரண்டு பெட்டை பதில் கொடுக்கின்றன. இன்னும் எட்டு நாள் இருக்கிறது.